மன்னவனூர் ஆடுகளும் ஒரு மெரூன் ஸ்வெட்டரும்

“திண்டுக்கல் வெயிலில் யாருக்கம்மா ஸ்வெட்டர்?” என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. பால்காரர் கேட்டிருக்கிறார். காஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் கேட்டிருக்கிறான். நாத்தனார் வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் கேட்பாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டால்தான் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வரும். சிலருக்கு டி.வி. சீரியல், எனக்கு இது.

2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோடைக்கானலுக்கும், அங்கிருந்து மன்னவனூருக்கும் போய்வந்தேன். போகும்போது என் துணிப்பையில் மூன்று ஸ்வெட்டர்கள் அரைகுறையாக இருந்தன. அவற்றைப் பற்றிச் சொன்னால்தான் பயணத்தைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதலாவது, டில்லியில் படிக்கப் போன என் மகளுக்கு. பாட்டில் பச்சை நிறம், 8 ப்ளை நூல். நவம்பர் கடைசியில் அங்கே குளிர் ஆரம்பித்துவிடும் என்பதால் அதற்குத்தான் அவசரம். பின்பக்கம் முடிந்து முன்பக்கம் பாதியில் இருந்தது. இரண்டாவது, என் கணவருக்குக் கையில்லாத சாம்பல் நிற ஸ்வெட்டர். ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பூட்டுக் கடையில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறவர், அதனால் அவரும் கேட்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

மூன்றாவதை நான் ஆரம்பிக்கவில்லை. அது என் அம்மா ஆரம்பித்தது.

அம்மா 2021-இல் எங்களை விட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்காக மெரூன் நிறத்தில், 4 ப்ளை நூலில், நெஞ்சில் ஜடை டிசைன் போட்டு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை, இவ்வளவும் ஆயிற்று. மற்றக் கைக்கு ஊசியில் கண்ணிகூட ஏற்றவில்லை. டிரங்குப் பெட்டியில் காய்ந்த வேப்பிலைக்கு நடுவே பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தாள். மூன்று வருஷமாக நான் அதை எடுப்பேன், தடவிப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

அப்பாவுக்கு இப்போது வயசு 77. இளைத்துவிட்டார். மார்கழி விடியற்காலையில் திண்டுக்கல்லிலேயே நடுங்குகிறார். “அந்த மெரூன் என்னாச்சு?” என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததுதான் எனக்கு உறுத்தல்.

கோடைக்குப் பஸ் ஏறினோம்

அப்பா அந்தக் காலத்தில் கோடைக்கானலில் அரசு பஸ் கண்டக்டர். நாயுடுபுரத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். கோடையிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் போகிற பஸ்ஸில்தான் அவருக்கு அதிகமாக டூட்டி. ராத்திரி கிராமத்திலேயே தங்கி, விடியற்காலை முதல் வண்டியை எடுத்துக்கொண்டு வரவேண்டும். காக்கிச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்றுதான் அம்மா எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாள். நான் அம்மாவின் மடியருகில் உட்கார்ந்து, ஈர்க்குச்சி இரண்டை வைத்துப் பொம்மைக்குப் பின்னினேன். எனக்குப் பத்து வயசு ஆகும்போது அப்பாவுக்குத் திண்டுக்கல் மாற்றலாகிவிட்டது.

“ஒரு தடவை மன்னவனூர் ரோட்டைப் பாத்துட்டு வந்துருவமாம்மா?” என்று அப்பா கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. கணவருக்குக் கடையை விட்டு வரமுடியாது. நானும் அப்பாவும் மட்டும் கிளம்பினோம். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருந்தது. நாங்கள் பஸ் என்பதால் அந்தக் கவலை இல்லை.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அப்பா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வளைவும் அவருக்குப் பேர் சொல்லி அழைக்கிற சொந்தக்காரர் மாதிரி. நான் பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். வளைவில் வயிற்றைப் புரட்டாமல் இருக்க எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே: எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு தூரத்து மலையைப் பார்ப்பது. அதனால் பழக்கமான நேர் வரிசைகளை மட்டும், குனியாமல், கை விட்டபடி போட்டேன். டிசைன் வரிசையை மலைப்பாதையில் ஆரம்பிக்கவே கூடாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “எவ்வளவு நூல் வாங்கணும்னு எப்படி அக்கா தெரியும்?” என்று கேட்டாள். சகோதரிகளுக்கும் பயன்படும் என்பதால் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் அந்த நூலில், அதே ஊசியில், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சதுரம் பின்னிப் பார்க்கவேண்டும். அதன் நடுவில் 10 செ.மீ. அளந்து, எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணவேண்டும். 8 ப்ளை நூலும் 8-ஆம் நம்பர் ஊசியும் என்றால் சாதாரணமாக 22 கண்ணி வரும். என் மகளுக்கு மார்பளவு 86 செ.மீ. உள்ளே சட்டை போட்டுக்கொள்ள 6 செ.மீ. கூட்டினால் 92. செ.மீ.க்கு 2.2 கண்ணி வீதம் 202. அதில் பாதி 101 பின்பக்கத்துக்கு. ஓரம் தைக்க இரண்டு சேர்த்து 103 கண்ணி ஏற்றினேன். நம் நாட்டுக் கடைகளில் பழைய ஊசி நம்பர்தான் பேச்சு வழக்கு. நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு. 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 11 என்றால் 3 மி.மீ. புதுசாகக் கற்கிறவர்கள் இதில்தான் குழம்புவார்கள்.

எடைக்கு ஒரு வழி உண்டு. முதல் 50 கிராம் உருண்டையைப் பின்னி முடித்ததும் எத்தனை செ.மீ. நீளம் வந்தது என்று பார்த்தால் மீதிக்குக் கணக்குப் போட்டுவிடலாம். பெரியவர்களுக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால் 400-லிருந்து 500 கிராம் வரை பிடிக்கும். ஜடை டிசைன் போட்டால் இன்னும் கூடும், ஏனென்றால் ஜடை துணியைச் சுருக்கிவிடும். முக்கியமானது, எல்லா உருண்டையிலும் லாட் நம்பர் ஒன்றா என்று பார்த்து மொத்தமாக வாங்குவது. ஒரே மெரூன் என்று கடைக்காரர் சொன்னாலும், வேறு தொட்டியில் சாயம் ஏறியது வேறாகத்தான் தெரியும். வெயிலில் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாதான் கடைசி ஸ்வெட்டரில் கணக்குத் தவறிவிட்டாள். 400 கிராம் வாங்கியிருக்கிறாள். சமையலறைத் தராசில் நான் நிறுத்துப் பார்த்தேன். பின்பக்கம் 125, ஜடை போட்ட முன்பக்கம் 140, ஒரு கை 80. ஆக 345 கிராம். மிச்சம் 55. இன்னொரு கைக்கு 80, கழுத்துப் பட்டிக்கு 15, மொத்தம் 95 வேண்டும். 40 கிராம் குறைகிறது. அந்த லாட் நூல் எங்கே கிடைக்கும்? மதுரையில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், கிடைக்கவில்லை.

அம்மா பின்னிய கையைப் பிரித்துவிட்டால் நூல் தாராளமாகிவிடும், கையில்லாத ஸ்வெட்டராக முடித்துவிடலாம். புத்தி அப்படித்தான் சொல்லிற்று. கை வரவில்லை.

பூம்பாறை தாண்டி

ராத்திரி கோடையில் தங்கி, மறுநாள் காலை மன்னவனூர் பஸ் ஏறினோம். அப்பா கண்டக்டரிடம் போய், “நானும் இந்த ரூட்ல இருந்தவன்தான் தம்பி” என்றார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று முன் ஸீட்டைக் காலி பண்ணிக்கொடுத்தது. அப்பா முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும்!

பூம்பாறை வந்ததும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். கீழே ஓட்டு வீடுகளும் குழந்தை வேலப்பர் கோயிலும், சுற்றிலும் மலைச்சரிவில் படிப்படியாக வயல்களும். எனக்கு எதைப் பார்த்தாலும் பின்னல்தான் ஞாபகம் வரும். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை திருப்பு என்று யாரோ மலைக்கே பார்டர் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. இந்தப் பக்கத்து மலைப்பூண்டு பேர் போனது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சின்னது, காரமும் மணமும் அதிகம். திரும்பும்போது ஒரு கிலோ வாங்கி வந்தேன், ரசத்துக்கு இரண்டு பல் போதும்.

கோடையிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. தூரத்தில் மன்னவனூர். பைன், யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டி வந்ததும் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்மேடு. நடுவே ஏரி. அந்தப் பச்சையில் அங்கங்கே வெள்ளையாய் ஆடுகள்.

மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்னிந்தியக் கிளை இங்கே இருக்கிறது. தலைமையிடம் ராஜஸ்தானில் அவிகாநகர். அது 1962-இல் ஏற்பட்டது. மன்னவனூர் பண்ணை 1965-இல். நம் தமிழ்நாட்டுச் சமவெளிச் செம்மறிகளில் பெரும்பாலானவற்றுக்கு உடம்பில் இருப்பது கம்பளி இல்லை, முடிதான். அவை இறைச்சிக்காக வளர்க்கப்படுகிறவை. நீலகிரி ஆடு மாதிரி சிலவற்றுக்குத்தான் உடுத்துகிற துணிக்கு ஏற்ற மெல்லிய கம்பளி உண்டு. இந்தப் பண்ணையில் இருப்பது பாரத் மெரினோ. ராஜஸ்தானத்துச் சோக்லா, நாலி ஆடுகளோடு ராம்புயே, ரஷ்ய மெரினோ கிடாக்களைச் சேர்த்து உண்டாக்கிய இனம். முயல்களும் வளர்க்கிறார்கள்.

எனக்கு ஒரு அசட்டு ஆசை. ஆடு இருக்கிற இடத்தில் நூலும் கிடைக்கும், மெரூன் இல்லாவிட்டாலும் ஏதாவது வாங்கிவரலாம் என்று எண்ணியிருந்தேன். அங்கே வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “இது ஆராய்ச்சிப் பண்ணைம்மா. கத்தரிச்ச மயிரு உங்க கைக்கு நூலா வர்றதுக்கு இன்னும் எத்தனை வேலை கெடக்கு!” என்றார். உண்மைதான். கத்தரித்த கம்பளியை அலசி அழுக்கும் பிசுக்கும் போக்கி, சிக்கெடுத்து, இழையாக நூற்று, இரண்டோ நாலோ இழையை முறுக்கிச் சேர்த்து, சாயம் தோய்த்தால்தான் அது 4 ப்ளை, 8 ப்ளை என்று கடைக்கு வரும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பின்னுகிறேன், இதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் வேலிக்கு அருகில் நின்ற ஓர் ஆட்டைப் பிடித்து, முதுகுக் கம்பளியை இரண்டு கையாலும் வகிடு எடுப்பதுபோல் பிரித்துக் காட்டினார். வெளியே புழுதியும் புல்லும் ஒட்டி மங்கிக் கிடந்தது, உள்ளே பாலாடை நிறத்தில் பளபளவென்று, நெளிநெளியாக இருந்தது. அந்த நெளிவுக்குள் காற்று தங்குவதால்தான் கம்பளி கதகதப்பாக இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் தொட்டமாதிரி பிசுபிசுப்பு. அதுதான் லானோலின். நாம் கடையில் வாங்கும் கைக்குத் தடவுகிற க்ரீம்கள் பலவற்றில் சேர்ப்பது.

அப்பாவும் கையை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

இரண்டு கை

ஏரிக்கரையில் உட்கார்ந்து கொண்டுவந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம். மேகம் இறங்கி ஆட்டு மந்தையை மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது. அப்பா துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. பையின் அடியிலிருந்து வேட்டிச் சுற்றை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

“அப்பா, நூல் பத்தாது. இந்தக் கையைப் பிரிச்சுட்டா கையில்லாததா முடிச்சுத் தந்துருவேன். என்ன சொல்றீங்க?”

அவர் அந்தக் கைக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார். தோள் இணையாமல் தனியாக இருந்தாலும் மணிக்கட்டு வரைக்கும் கச்சிதமாக இருந்தது. அளவு நாடா இல்லாமலே அவர் கைநீளம் அம்மாவுக்குத் தெரியும்.

“பிரிச்சுப்புடாதம்மா,” என்றார். “இது அவ கை. இன்னொண்ணு உன் கையா இருக்கட்டும். ரெண்டும் ஒண்ணுபோல இல்லாட்டி யாரு கேக்கப் போறா?”

மூன்று வருஷமாக நான் கிராம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேகத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் கோடை பஜாரில் ஒரு சின்னக் கடையில் 4 ப்ளை நூல், ஆட்டின் உள்முதுகில் பார்த்த அதே பாலாடை நிறத்தில், 50 கிராம் உருண்டை ஒன்று கிடைத்தது. கணக்கை மாற்றிப் போட்டேன். கழுத்துப் பட்டி 15 கிராமும் பாலாடை நிறம். என் கையில் மணிக்கட்டுப் பட்டியும் அதற்கு மேல் கொஞ்ச தூரமும் சேர்த்து 30 கிராம் பாலாடை நிறம், மீதி 50 கிராம் மெரூன். எஞ்சிய 5 கிராம் மெரூன் ஓரங்களைத் தைக்க. தைப்பதற்கு நூல் ஒதுக்க மறந்து தவிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர்!

இன்னொரு சிக்கலும் இருந்தது. அம்மாவின் பின்னல் இறுக்கம், என்னுடையது தளர்ச்சி. ஒரே நூலை ஒரே 10-ஆம் நம்பர் ஊசியில் பின்னினால் அம்மாவுக்கு 10 செ.மீ.க்கு 30 கண்ணி, எனக்கு 27 கண்ணிதான். அப்படியே பின்னினால் என் கை அகலமாகித் தொங்கும். அதனால் ஒரு நம்பர் மெலிந்த 11-ஆம் ஊசிக்கு மாறிச் சதுரம் பின்னிப் பார்த்தேன். சரியாக 30 வந்தது. இன்னொருவர் பாதியில் விட்டதை முடிக்கிறவர்கள் கையை மாற்ற முயல வேண்டாம், ஊசியை மாற்றினால் போதும்.

திரும்பிவரும் பஸ்ஸில் அந்தக் கைக்குக் கண்ணி ஏற்றினேன். அப்பா தூங்கியபடி வந்தார்.

ஊர் வந்த பிறகு

மகளின் பச்சை ஸ்வெட்டரைத்தான் முதலில் முடித்தேன், அதற்குக் கெடு இருந்தது. தீபாவளிக்கு வந்தவள் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போனாள். கூடவே ஒரு சீட்டும் எழுதி வைத்தேன். கம்பளியை வெந்நீரில் போடாதே, கசக்கித் தேய்க்காதே. இழையின் மேல் மீன் செதிள் மாதிரி நுண்ணிய செதிள்கள் உண்டு, சூட்டிலும் தேய்ப்பிலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் ஸ்வெட்டர் சுருங்கிக் கெட்டியாகிவிடும், பிறகு ஒன்றும் செய்யமுடியாது. பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு அமுக்கி எடு. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடு. கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பரத்திக் காயவை. எடுத்து வைக்கும்போது அழுக்கோடு வைக்காதே, பூச்சிக்கு அழுக்குக் கம்பளிதான் விருந்து.

மெரூன் கார்த்திகைக் கடைசியில் முடிந்தது. தைத்து, ஈரத்துணி போட்டு லேசாக இஸ்திரி காட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். கண்ணாடி பார்க்கவில்லை. வலது கை முழுக்க மெரூன், இடது கையில் பாதி வழிக்குப் பாலாடை நிறம்.

மார்கழி முழுவதும் விடியற்காலை அதைப் போட்டுக்கொண்டுதான் முக்கு டீக்கடைக்குப் போய்வந்தார். “என்ன பெரியவரே, ஒரு கை ஒரு மாதிரி, இன்னொரு கை ஒரு மாதிரி?” என்று டீக்கடைக்காரர் கேட்டிருக்கிறார். “ஒண்ணு வீட்டுக்காரி பின்னுனது, ஒண்ணு மக பின்னுனது” என்று சொன்னாராம். இதை டீக்கடைக்காரர் சம்சாரம் வந்துதான் எனக்குச் சொன்னாள். கூடவே, அடுத்த வாரத்திலிருந்து தனக்கும் பின்னக் கற்றுத் தரமுடியுமா என்று கேட்டாள். ஈர்க்குச்சி வேண்டாம், 8-ஆம் நம்பர் ஊசி ஒரு ஜோடியும் 8 ப்ளை நூல் ஒரு உருண்டையும் வாங்கிவா என்று சொல்லியிருக்கிறேன்.

பையில் இப்போது மிச்சம் இருப்பது கணவரின் சாம்பல் நிறம் ஒன்றுதான். நிறுத்துப் பார்த்துவிட்டேன், நூல் போதும். அடுத்த தடவை மன்னவனூருக்குக் கடையை அடைத்துவிட்டுக் கூட வருவதாகச் சொன்னால் அதற்குள் முடித்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.